அத்தை வரும்வரை குளியல் இல்லை

என் மகள் பிறந்தபோது, யாரோ அரைத்த மாவை எடுத்து அவள் மேல் அப்பிவிட்டது போல் உடம்பெல்லாம் ஒரு வெள்ளைப் பூச்சு இருந்தது. முதுகில் திட்டுத் திட்டாக, அக்குளிலும் தொடை இடுக்கிலும் தடிமனாக, காது மடலுக்குப் பின்னால் வெண்ணெய் வழித்து வைத்த மாதிரி. நர்ஸ் அவளைத் துணியால் லேசாக ஒற்றி எடுத்து என் நெஞ்சின் மேல் போட்டார். ஆணா பெண்ணா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த வெள்ளையைத்தான் பார்த்தேன். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிரசவம் முடிந்த கையோடு இப்படிச் சிரிக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நர்ஸ் மலையாளத்தில் சொல்லிவிட்டு, மயக்கம் ஏதும் வருகிறதா என்று என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

சிரிக்காமல் என்ன செய்வது? நான் கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். படித்ததும் வேலை பார்ப்பதும் ஒரே விஷயத்தில்தான். நம் உடம்பு தனக்குத் தானே செய்துகொள்கிற, கிருமிகளைக் கொல்கிற சின்னஞ்சிறு புரதத் துண்டுகள். பெப்டைடு என்பார்கள். ஆய்வகத்தில் அவை எனக்கு வருவது சுண்டுவிரல் நகம் அளவு குப்பியில், அடியில் தூசு போல் ஒட்டிக்கொண்டு. அந்தத் தூசைக் கரைத்து, அளந்து, தட்டில் வளர்ந்த பாக்டீரியா மேல் விட்டு, செத்ததா இல்லையா என்று எண்ணுவதுதான் என் பிழைப்பு. பிறந்த குழந்தையின் மேல் இருக்கும் வெள்ளை மெழுகில் அவை கொட்டிக் கிடக்கின்றன என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், மாணவர்களுக்குப் பாடம்கூட எடுத்திருக்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்தது கிடையாது. இப்போது என்னடாவென்றால் என் பிள்ளையே அதைக் கிண்ணம் கிண்ணமாக அப்பிக்கொண்டு வந்து என் மேல் படுத்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆனால் அறைக்குக் கொண்டுவந்ததும் அதே வெள்ளையைப் பார்த்து என் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. அதற்குக் காரணம் பச்சரிசி.

மசக்கை முடிந்த பிறகு எனக்குப் பச்சரிசி மேல் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. ஆய்வகத்துக்குப் போகும் பையில் ஒரு டப்பா, தலையணைக்கு அடியில் ஒரு பொட்டலம். ஏழாம் மாதம், எல்லை தாண்டி மலையாள மண்ணில் இருக்கிற கொல்லங்கோட்டில் அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. அரிசிப் பானைக்குள் என் கை போகிற சத்தம் அம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதே கேட்டுவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பிள்ளைத்தாய்ச்சி அரிசி தின்றால் அது மாவாகிப் பிள்ளை மேல் ஒட்டிக்கொண்டு பிறக்கும். அம்மா என்னிடம் மாசக்கணக்கில் சொல்லிச் சலித்துப்போன விஷயம் இப்போது தொட்டிலில் கண்ணெதிரே படுத்திருந்தது.

அம்மாவுக்குப் பிள்ளையின் மேல் இருக்கிற மாவைவிடச் சம்பந்தி வீட்டார் மேல்தான் பயம். பிறந்த வீட்டில் பெண்ணுக்கு வயிறாரச் சோறு போடாததால்தானே அரிசியைத் தின்றிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன செய்வது? வேளைக்கு இரண்டு கூட்டு, ஒரு பொரியல், நெய் என்று போட்டு வளர்த்தவர் அம்மா. அவருக்கு அது உயிர் போகிற விஷயம்.

"ஒறம்பரைக வர்றதுக்குள்ள தேங்காண்ணெய் போட்டுத் தொடச்சு எடுத்துரலாம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் அம்மா. ஒறம்பரை என்று அவர் சொன்னது சம்பந்தி வீட்டு உறவுக்காரர்களை. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். தையல் வலியில் நிமிர்ந்துகூட உட்கார முடியாதவள், பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, தொட்டால் பாருங்கள் என்று சண்டைக்கு நின்றேன். இன்றைக்கும் நாளைக்கும் இவள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது என்றேன். எதற்கு என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நான் படுத்தபடியே பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

அம்மா, நம்ம உடம்பில் ரெண்டு வகைக் காவல் இருக்கிறது. ஒன்று, வந்த கிருமி எது என்று பார்த்து, அதற்கென்று அளவெடுத்துத் தைக்கிற சட்டை. தைத்து முடிக்க நாளாகும். தடுப்பூசி போடுவது இதை முன்கூட்டியே தைத்து வைக்கத்தான். இன்னொன்று ரெடிமேடு சட்டை. எந்தக் கிருமி வந்தாலும் அந்த நிமிஷமே எடுத்து மாட்டிக்கொள்ளலாம். தோலில், கண்ணீரில், வியர்வையில், நாக்கில், குடலில், வெள்ளை அணுவுக்குள்ளே, எல்லா இடத்திலும் அது இருக்கிறது. அதுதான் நான் வேலை பார்க்கிற பெப்டைடு. கிருமியின் மேல்தோலுக்கு ஒருவித மின்சாரம், இதற்கு அதற்கு நேர்மாறான மின்சாரம். அதனால் போய் ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். நம்முடைய செல்லின் மேல்தோல் வேறு மாதிரி, அதனால் நம்மைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதோடு விடாமல், இங்கே ஆள் வேண்டும், வாருங்கள் என்று மற்ற அணுக்களையும் கூப்பிட்டு வரும், புண் ஆறவும் கை கொடுக்கும். வயிற்றுக்குள் இருந்தவரைக்கும் இவளுக்குக் கிருமியே தெரியாது. வெளியே வந்த நிமிஷம் நீ, நான், நர்ஸ், காற்று, தொட்டில் எல்லாம் கிருமி. தைத்த சட்டையில் கொஞ்சம் நான் தொப்புள்கொடி வழியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மேலே போட்டுக்கொள்ள இந்த ரெடிமேடு சட்டை. இதைப் போய்க் கழட்டச் சொல்கிறாயே என்றேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சட்டை போட்டால் துவைக்க வேண்டாமா என்றார்.

எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நம் வீட்டுப் பசு கன்று போட்டால் கன்றைக் குளிப்பாட்டுகிறாயா என்று திருப்பிக் கேட்டேன். பசு நக்கி நக்கித்தானே கன்றைத் தேற்றுகிறது? பசுவின் நாக்கிலும் இதே மாதிரி பெப்டைடுகள் உண்டு, மூச்சுக்குழாயிலும் உண்டு. பாலூட்டிகள் அத்தனைக்கும் இது பொது. மாட்டுக்கு ஒரு நியாயம், மனுஷிக்கு ஒரு நியாயமா?

"அப்ப நீயே நக்கி உடு கண்ணு" என்றார் அம்மா.

என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவருக்கு டீ தாகம் எடுத்துவிடும். இரண்டு பேருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று நழுவப் பார்த்தார். நல்லவேளையாக நர்ஸ் அந்த நேரத்தில் வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். "இந்நு குளிப்பிக்கேண்டா, துடச்சா மதி" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று குளிப்பாட்ட வேண்டாம், துடைத்தால் போதும். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா கிண்ணத்தை மூடி வைத்தார்.

சாயங்காலம் அண்ணி வந்தார்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. என் மகளுக்கு அத்தை. மலைமேல் இருக்கிற மறையூரில் கரும்பு விவசாயம் செய்கிற குடும்பத்தில் வாக்கப்பட்டவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஆலை வைத்திருக்கிறார்கள். ஆலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, சாறு பிழிகிற இயந்திரம், அடுப்பின் மேல் அகலமான ஒரு கொப்பரை. பாகு இறக்கி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே பிடித்து உருண்டை வெல்லம் ஆக்குவார்கள். அந்த உருண்டைகளில் கை ரேகை தெரியும். அண்ணியும் பிடிப்பார். வருஷக்கணக்காகச் சூட்டிலும் சர்க்கரையிலும் புழங்கி அவர் உள்ளங்கை காய்ந்து, விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. கல்யாணமான புதிதில் அந்தக் கையை நான் ஆராய்ச்சிக் கண்ணோடு உற்றுப் பார்த்துவிட்டு, வெடிப்பில் கிருமி சேராமல் இருக்கிறதே, உங்கள் தோல் நன்றாக வேலை செய்கிறது அண்ணி என்று சொன்னேன். அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று மதியம் போன் போனதுமே கிளம்பிவிட்டாராம். மறையூரிலிருந்து சின்னாறு காட்டு வழியாக உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோடு. மூன்று பஸ் மாறி வந்தவர், உட்காரக்கூட இல்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன பழைய வேட்டியில் கிழித்த துண்டுகள். வீட்டிலேயே காயவைத்து அரைத்த பச்சைப்பயறு மாவு. கட்டிச் சாம்பிராணி. கடைசியாக வாழைச் சருகில் சுற்றிய ஓர் உருண்டை வெல்லம், பிள்ளைக்குச் சேனை வைக்க.

சேனை என்பது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் முதலாகத் தொட்டு வைக்கிற இனிப்புத் தண்ணீர். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று சொல்லியிருந்ததை என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணி ஒரு நிமிஷம் வெல்லத்தைப் பார்த்தார். பிறகு அதை என் அம்மா கையில் கொடுத்து, காப்பிக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். சேனை போனால் போகிறது, தண்ணி வார்ப்பது இருக்கிறதே என்றார்.

அவர்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் தண்ணீர் அத்தைதான் வார்க்க வேண்டும். என் கணவருக்கும் அவருடைய அத்தைதான், அண்ணிக்கும் அத்தைதான். அண்ணியின் இரண்டு பையன்களும் மலையில் பிறந்தார்கள். மழைக்காலம், பாதை அடைபட்டு, அவர்களுடைய அத்தையால் மலையேறி வர முடியவில்லை. நர்சுகள்தான் குளிப்பாட்டினார்கள். தம்பிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே இந்த ஒரு குளியலுக்காக அவர் காத்திருந்தார். எனக்கும் அது தெரியும். கல்யாணப் பந்தியிலேயே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இதற்குள் அம்மா தொட்டிலுக்கு முன்னால் திரை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அண்ணி அவரை நாசூக்காக நகர்த்திவிட்டுக் குனிந்தார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அட சாமி, மாவுல பொரட்டுன கொழுக்கட்டையாட்ட இருக்கறா" என்றார் அண்ணி.

அம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நெய் போட்டது, கூட்டு வைத்தது, பூட்டி வைத்தும் இவள் அரிசிப் பானையைக் குடைந்தது. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தான் இரண்டு பையன்களையும் சுமந்தபோது மாமியார் வீட்டு விதைநெல்லையே உமி நீக்கித் தின்றதாகவும், அப்படியும் அவன்கள் எண்ணெய் தடவிய மாதிரி வழுவழுவென்றுதான் பிறந்ததாகவும், இது ஏதோ வேறு சங்கதி என்றும் சொன்னார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே காப்பி போட்டுத் தர ஆஸ்பத்திரி கேன்டீனில் பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் அண்ணி, வெந்நீருக்குச் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன். சட்டை, பெப்டைடு, கிருமி எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். இந்த மெழுகு முழுதாக ஒரு நாளாவது மேலே இருக்கட்டும் அண்ணி, நாளைச் சாயங்காலம் குளிப்பாட்டிக்கொள்ளலாம் என்றேன். என் கணவர் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆலையில் கரும்பு வெட்டிப் போட்டாகிவிட்டது என்று அண்ணி வந்ததுமே சொல்லியிருந்தார். வெட்டிய கரும்பைக் காய விட்டால் சாறு புளித்துப்போகும், பாகு கட்டாது. நாளை அடுப்புப் பற்ற வைத்தாக வேண்டும். காலை முதல் பஸ்ஸுக்கு அண்ணி கிளம்பினால்தான் உண்டு.

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், நிச்சயம் ஜெயித்திருப்பேன். அண்ணி வேட்டித் துண்டுகளை மறுபடியும் மடித்தார். பயறு மாவுப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தார்.

"அவளுக்கு நல்லதுன்னா இருக்கட்டும் அம்மிணி. உனக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குக் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் சரி, குளிப்பாட்டுங்கள் என்று என் வாயிலிருந்து வரவில்லை. பிள்ளை விஷயத்தில் நான் சொன்னது சரிதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. சரியாக இருந்துகொண்டே சங்கடப்படுவது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் வாங்கி வந்த பரோட்டாவை எல்லாரும் சாப்பிட்டு முடித்தோம். அண்ணி கை கழுவிக்கொண்டு வந்து, ஒருக்கா மடியில் போட்டுக்கொள்ளலாமா, அதற்கு ஒன்றும் தடை இல்லையே என்று கேட்டார். தாராளமாக என்றேன். அவர் தரையில் பாயை விரித்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது உட்காருகிற மாதிரியே, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டில் ஆக்கி, பிள்ளையைக் குப்புறப் போட்டார். தண்ணீர் மட்டும்தான் இல்லை. முதுகில் திட்டாக இருந்த வெள்ளையை விரலால் மெல்ல நீவி, இல்லாத இடத்துக்குப் பரப்பினார். இது தேய்க்கலாம், தொடைக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றேன். அக்குளில் தடிமனாக இருந்ததை எடுத்துக் கைக்கு, தொடை இடுக்கில் இருந்ததைக் காலுக்கு. பிள்ளை கையைக் காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனாள். அண்ணியின் இரண்டு உள்ளங்கையும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

காலையில் அவர் கிளம்பும்போது அம்மா வீட்டிலிருந்து இட்லி கொண்டு வந்திருந்தார். கை கழுவச் செம்பில் தண்ணீரும் எடுத்து வைத்தார். அண்ணி வேண்டாம் என்றார். பசியில்லை, பொள்ளாச்சியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அம்மா எவ்வளவோ வற்புறுத்தியும் ஒரு விள்ளல்கூடத் தொடவில்லை. பிள்ளையின் பாதத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா இட்லித் தூக்கை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று சாயங்காலம், சொன்ன சொல் தவறாமல், இப்போது குளிப்பாட்டிக்கொள்ளலாம் அம்மா என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஆரு, நானா? இட்லி தொடாமப் போன புள்ள மொகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. அது வந்துதான் வாத்து உடோணும். அதுவரைக்கும் உன்ற புள்ள சட்டையோடவே இருக்கட்டும்."

ஒரு நாள் போதும் அம்மா, நான் கேட்டது ஒரே நாள்தான் என்று கெஞ்சினேன். ஒரு நாள் நல்லதென்றால் ஒரு வாரம் இன்னும் நல்லதுதானே என்று அம்மா என்னையே மடக்கினார். என் கணவரைப் பார்த்தேன். அவருக்கு டீ தாகம் எடுத்துவிட்டது. போன் செய்து கேட்டதில், கரும்பு நிறைய இருப்பதால் ஆலை அந்த வாரம் முழுக்க ஓடும் என்று தெரிந்தது. எதற்கு என்று அண்ணியிடம் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் மருமகளைப் பார்க்க ஒரு எட்டு வந்து போங்கள் என்று மட்டும் சொன்னோம்.

வீட்டுக்கு வந்தோம். நாளுக்கு இரண்டு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்துவிடுவேன். துடைப்பது குளியலில் சேர்த்தியில்லை என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெழுகு இரண்டாம் நாளே தோலில் ஊறிப் போய்விட்டது. கழுத்து மடிப்பில் மட்டும் கொஞ்சம். ஆனால் அம்மா விடுவதாயில்லை.

அது மாம்பழக் காலம். முதலமடைப் பக்கத்திலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் கூடை கூடையாக மாம்பழத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ஏனுங்க, இன்னும் தண்ணி வார்க்கலீங்களா? என் அம்மா அப்போது நிமிர்ந்து உட்காருவார் பாருங்கள். அது சாதாரண மாவு இல்லை, ரெடிமேடு சட்டை, கிருமி வந்தால் ஓட்டை போட்டு அனுப்பிவிடும், நம் மாட்டு நாக்கில்கூட இருக்கிறது, என் மகள் அதில்தான் வேலை பார்க்கிறாள் என்று ஆரம்பித்துவிடுவார். மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தடுமாறி, கரண்டு அடித்துச் செத்துப்போகும் என்பார். நான் உள்ளேயிருந்து திருத்துவேன். படித்து முடித்து இத்தனை வருஷத்தில் என் வேலை என்னவென்று அம்மா ஒருவரிடமும் சொன்னதில்லை, கேட்டால் ஏதோ மருந்துக் கம்பெனி என்பார். இப்போது ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பூரிப்பாகவும் இருந்தது. பூரிப்புதான் அதிகம்.

ஆலை வேலை முடிந்து அண்ணி ஒரு காலை வேளையில் வந்து இறங்கினார். மறையூரிலிருந்து முந்தின நாளே கிளம்பி, உடுமலையில் உறவினர் வீட்டில் தங்கி வந்திருந்தார். கையில் ஒரு பை நிறைய உருண்டை வெல்லம். அவர் செருப்பைக் கழட்டும்போதே அம்மா கொல்லைப்புறத்தில் அண்டாவில் வெந்நீர் காய வைத்துவிட்டார். யாருக்கு இவ்வளவு வெந்நீர் என்று அண்ணி கேட்டார். உங்கள் மருமகளுக்குத்தான், அவள் இன்னும் குளிக்கவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்தா என்றார். பிறந்ததிலிருந்துதான் என்றார் அம்மா. அத்தை வரட்டும் என்று வைத்திருக்கிறோம்.

அண்ணி அப்படியே நின்றார். முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. பிறகு விறுவிறுவென்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

கிணற்றுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லருகே பலகை போட்டு உட்கார்ந்தார். நெல்லியாம்பதி மலைக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கையால் தண்ணீரின் சூட்டைப் பார்த்து, காலில் பிள்ளையைப் போட்டு, முதல் செம்பை முதுகில் வார்த்தார். என் மகள் ஒரு நொடி என்ன நடக்கிறதென்று யோசித்தாள். பிறகு வாயைத் திறந்து ஒரு கத்தல் கத்தினாள். கட்டுத்தறியில் நின்ற பசு திரும்பிப் பார்த்தது. முகமெல்லாம் ரத்தமாகச் சிவந்து, கைமுட்டியை இறுக்கிக்கொண்டு, எங்கள் எல்லாரையும் ஏதோ பாவம் செய்தவர்கள் போலப் பார்த்துக் கத்தினாள்.

"கோவத்தப் பாரு, அப்படியே ஆத்தாளாட்டமே" என்றார் அண்ணி. சேனை யாரும் வைக்காமலே வந்துவிட்டதே என்று அம்மா சொல்ல, என் கணவர்கூடச் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு டீ தாகம் எடுக்கவில்லை.

துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, அந்தப் பழைய வேட்டித் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். பிள்ளை மணந்தாள். அம்மா சமையலறைத் திண்டில் இலை போட்டு, செம்பில் தண்ணீர் வைத்து, இன்றைக்காவது கையைக் கழுவிவிட்டு இட்லி சாப்பிடுங்கள், அன்றைக்குக் கோவித்துக்கொண்டு போய்விட்டீர்களே என்றார். நானும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ முனகினேன்.

அண்ணி எங்கள் இருவரையும் ஆச்சரியமாகப் பார்த்தார். கோவமா, எனக்கா என்றார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு தன் கையைப் பார்த்தார்.

"கையக் கழுவோணுமேன்னுதானுங்க சாப்பிடல. இவ மேல இருந்ததெல்லாம் அன்னிக்கு என்ற கையிலதான ஒட்டியிருந்துச்சு? எனக்குக் கெடச்சது அதொண்ணுதான்னு நெனச்சுப்போட்டேன். கழுவ மனசே வல்ல. ஊட்டுக்குப் போயி, மொதப் பாகு எறக்கற வரைக்கும் அப்படியே வச்சிருந்தேன்."

மூன்று பஸ்ஸிலும் கம்பியைப் பிடிக்காமல், பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வழியில் ஒரு டீகூடக் குடிக்காமல் போயிருக்கிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தாரை தாரையாக வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

அண்ணிக்கு எங்களை அழ வைத்துவிட்டோமே என்று சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற, கையை என் முன்னால் நீட்டி, அன்றைக்குப் பாகு பிடிக்கும்போது வெடிப்பு கொஞ்சம்கூட எரியவே இல்லை, உன் பெப்டைடு நன்றாகத்தான் வேலை செய்கிறது அம்மிணி என்றார்.

ஒரு ராத்திரி கையில் பூசிக்கொண்டதில் அப்படியெல்லாம் ஆகாது. மெழுகில் இருக்கிற கொழுப்பு வெடிப்பை மூடியிருக்கலாம், அதிகபட்சம் அவ்வளவுதான். பெப்டைடு இவ்வளவு நேரம் தாங்குமா, வியர்வை உப்பில் என்ன ஆகும் என்று எனக்கு அடுக்கடுக்காகப் பதில் தெரியும். வேறு யார் சொல்லியிருந்தாலும் அங்கேயே பாடம் ஆரம்பித்திருப்பேன்.

"ஆமாங்க அண்ணி" என்றேன்.

அவர் செம்பை எடுத்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். அம்மா இட்லி வைத்தார்.